'இன்' சேர்ந்தாலும் நெருப்புப் பிடிக்கும்

திருகோணமலைக் கரையோரத்தில் பைபர் படகுகளைத் திருத்தும் கொட்டில்களில் தீப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் தொழில். அத்தகைய கொட்டில் ஒன்றில், தூரிகை கழுவுவதற்கான அசிற்றோன் தகரம் மூடி திறந்தபடி இருக்க, சற்றுத் தள்ளித் தேநீருக்காக மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வழிந்து காய்ந்த ரெசின் மறைத்தது போக, தகரத்தில் 'இன்பிளேமபிள்' என்ற சொல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“நெருப்புப் பிடிக்காது எண்டுதானே சேர் எழுதிக் கிடக்கு” என்றார் அங்கு வேலை செய்த தம்பி.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'கரெக்ட்' சரி, 'இன்கரெக்ட்' பிழை என்று பாடசாலையில் படித்தவர், 'பிளேமபிள்' எரியும் என்றால் 'இன்பிளேமபிள்' எரியாது என்று எண்ணியது இயல்பே. ஆனால் இந்த 'இன்' எதிர்மறை அன்று; தீ மூட்டுதல் என்னும் பொருளுடைய 'இன்பிளமாரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மருத்துவர்கள் அழற்சி என்பதற்குச் சொல்லும் 'இன்பிளமேசன்' அதே வேரில் பிறந்ததுதான்; நம் அழற்சிக்குள்ளும் நெருப்பைக் குறிக்கும் 'அழல்' இருப்பதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது. ஆக, இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றும். எரியாத பொருளுக்கு 'நொன்பிளேமபிள்' என்று எழுதுவார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 'பிளேமபிள்' என்ற சொல்லையே பயன்படுத்துமாறு வலியுறுத்தியது. ஆயினும் பழைய சொல் தகரங்களிலிருந்து முற்றாக மறைந்துவிடவில்லை.

அசிற்றோன், மறை 20 பாகை செல்சியசை அண்டிய குளிரிலேயே தீப்பிடிக்கப் போதிய ஆவியை வெளிவிடும். நமது நண்பகல் வெப்பமோ 30 பாகையைத் தாண்டும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு படர்ந்து அடுப்பை எட்டும். பற்றிய தீ வந்த வழியே தகரத்துக்குத் திரும்பும். பெற்றோலும் இப்படித்தான்.

ஆங்கிலம் புரியாவிட்டால் சிவப்புச் சாய்சதுரத்துள் கறுப்புச் சுவாலை வரைந்த குறியைத் தேடுங்கள். அன்று அடுப்பை அணைத்த தம்பி, மூடியை இறுக்கிவிட்டு, தகரத்தில் 'நெருப்புப் பிடிக்கும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். திரவம் தீர்ந்த பின்னும் அந்த எச்சரிக்கை பொருந்தும்: உள்ளே ஆவி தங்கியிருக்கும் வெறுந்தகரத்தைத் தண்ணீர் இறைக்கும் வாளியாக்கலாம் என்று கிரைண்டரால் வெட்டவே கூடாது.