பிடிபட்ட கப்பல், குமரிமுனைக்கு அருகே பிடித்த கப்பல்

1808 மார்ச் 8. மன்னார் வளைகுடாவில் பியெமோந்தேஸ் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் தன் கொடியை இறக்கிச் சரணடைந்தது. பணியவைத்தது சான் ஃபியோரென்சோ என்ற பிரிட்டிஷ் கப்பல். ஆனால் அதுவும் பிரான்சில் பிறந்ததுதான். 1782-ல் தூலோன் துறைமுகத்தில் கட்டி முடித்தபோது அதன் பெயர் மினெர்வ்.

பாய்மரக் காலத்துச் சண்டைகளில் கப்பல்கள் மூழ்கியதைவிடக் கைமாறியதே அதிகம். காரணம் மரம்தான். அன்றைய பீரங்கிக் குண்டு வெடிக்காது. அது வெறும் இரும்பு உருண்டை. தடித்த ஓக் பலகையைத் துளைத்துப் போனதும், விரிந்த மரநார்கள் ஓரளவு திரும்பிச் சுருங்கி ஓட்டையைச் சிறிதாக்கிவிடும். கப்பல் தச்சர் உள்ளேயிருந்து மரமுளை அடித்து அதை அடைப்பார். நீர்மட்டத்துக்கு மேலே எத்தனை ஓட்டை விழுந்தாலும் கப்பல் மிதக்கும். ஆட்கள் அப்படியில்லை. குண்டு பெயர்த்தெறிந்த மரச்சிராய்கள் தளத்தில் நின்றவர்களைக் கிழித்தன. பாய்மரம் சாய்ந்து, பீரங்கிக்கு ஆளில்லாமல் போனால் கப்பல் தலைவர் கொடியை இறக்கிவிடுவார். கப்பலின் உடல் மட்டும் பழுதுபார்க்கும் நிலையில் மிஞ்சும்.

மினெர்வ் கைமாறிய விதம் கொஞ்சம் வேறு. 1794 பிப்ரவரியில் மத்தியதரைக் கடல் தீவான கோர்சிகாவின் சான் ஃபியோரென்சோ விரிகுடாவை பிரிட்டிஷார் தாக்கியபோது, எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று பிரெஞ்சுக்காரர்களே அதை மூழ்கடித்தார்கள். கரையோரம்தான் என்பதால் பிரிட்டிஷார் மீட்டு மிதக்கவிட்டார்கள். மினர்வா என்று தங்களிடம் ஏற்கெனவே ஒரு கப்பல் இருந்ததால், மீட்ட இடத்தின் பெயரையே வைத்தார்கள்.

பெயரை மாற்றுவது எளிது, பீரங்கி அப்படியல்ல. இரு நாட்டிலும் '18 ராத்தல்' பீரங்கி இருந்தது, அதாவது 18 ராத்தல் எடைக் குண்டு போடுவது. பிரெஞ்சு ராத்தல் சுமார் 489 கிராம், ஆங்கில ராத்தல் 454 கிராம். ஆக பிரெஞ்சுக் குண்டு 8.8 கிலோ, ஆங்கிலக் குண்டு 8.2 கிலோ. ஆங்கிலக் குண்டைப் பிரெஞ்சுக் குழாயில் போட்டால் சுற்றிலும் இடைவெளி கூடி, வெடிமருந்தின் வேகம் அந்த வழியே வீணாகும். அதனால்தான் பிடித்த கப்பல்களில் வழக்கமாகத் தங்கள் பீரங்கிகளையே ஏற்றினார்கள்.

பிடித்தவர்களுக்குப் பணமும் உண்டு. நீதிமன்றம் அது முறைப்படி பிடித்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னதும், கப்பலின் மதிப்பை எட்டுப் பங்காக்குவார்கள். 1808 வரை தலைவருக்கு மட்டும் குறைந்தது இரண்டு பங்கு. சாதாரண மாலுமிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டு பங்குதான். இது நியாயமே இல்லை.

பிடித்த கப்பலின் வடிவத்தையும் அளந்து வரைந்துகொள்வார்கள். 1782-ல் பிடித்த ஏபே என்ற பிரெஞ்சுக் கப்பலின் வடிவில்தான் 1817-ல் பம்பாயில் 'டிரிங்கோமலி' கட்டப்பட்டது. நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது.

சரி, மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். சான் ஃபியோரென்சோ அதற்குள் 1805-ல் விசாகப்பட்டினம் பக்கம் சிஷே என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்திருந்தது. 1808 மார்ச் 6 அன்று குமரிமுனைக்கு அருகே கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று வணிகக் கப்பல்களைக் குறிவைத்து வந்த பியெமோந்தேஸ் அதன் கண்ணில் பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் உயரக் குறிபார்த்துப் பாய்களையும் கயிறுகளையும் அறுத்தார்கள். சான் ஃபியோரென்சோ நின்று சரிசெய்துகொண்டு மறுபடி துரத்தியது. மூன்றாம் நாள் அதன் தலைவர் ஹார்டிங் குண்டடிபட்டு இறந்தார். அன்று மாலை பியெமோந்தேஸ் பணிந்தது. அதில் பிரெஞ்சுக்காரர்களுடன், பாய் இழுக்க லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகள் ஏறத்தாழ 200 பேரும் இருந்தார்கள். ஹார்டிங்குக்கு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த லஸ்கர்களைப் பற்றியும் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

பியெமோந்தேஸ் கொழும்புக்குப் போனது, அப்புறம் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1810-ல் இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளை டச்சுக்காரர்களிடமிருந்து பறித்த கப்பல்களில் அதுவும் ஒன்று. 1813-லேயே அதை உடைத்துவிட்டார்கள்.

மூத்த கப்பலான சான் ஃபியோரென்சோதான் நெடுநாள் இருந்தது. மரக்கப்பலின் நடுப்பகுதி அகலமானது, நன்றாக மிதக்கும். ஒடுங்கிய இரு முனைகளுக்கும் அந்தத் தாங்குதல் போதாது. ஆண்டுகள் போகப்போக முனைகள் தொங்கி, அடிக்கட்டை வில்லாக வளையும். அலையில் ஓடினால் பொருத்துகள் கழலும், துறைமுகத்தில் கட்டிவைத்தால் தாங்கும். அதனால் வயதான போர்க்கப்பல்கள் துறைமுக வேலைக்கு இறங்கின. சான் ஃபியோரென்சோவும் படைவீரர்களை ஏற்றிச் சென்று, பிறகு புதிய மாலுமிகளைத் தங்கவைக்கும் கப்பலாகி, கடைசியில் தொற்றுநோய் சந்தேகத்துக்கு ஆளானவர்களைப் பிரித்துவைக்கும் கப்பலாக நின்றது. 1837-ல், கட்டி 55 ஆண்டுகளுக்குப் பிறகு, அதை உடைத்தார்கள்.