சவுண்டு என்பது ஓசை

ஓர் இசைக்குழுவில் இருக்கிற அக்கா மகன் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, ரெண்டாவது ஆல்பத்துல எங்க சவுண்டே மாறிருச்சு" என்றான். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா பதறிவிட்டார். "ஏங்கண்ணு, இப்பவே காது கிழியுது. இன்னுமா கூட்டப் போறீங்க?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. சேலத்தில் சவுண்டு என்றால் கூட்டுவது, குறைப்பது. ஆடியில் குகை மாரியம்மன் கோயில் திருவிழாவின் வண்டி வேடிக்கைக்கு வாடகைக்கு வருவது சவுண்டு செட்டு. வெட்டிச் சவடால் அடிப்பவனிடம் "சவுண்டு விடாதே" என்கிறோம். பையன் சொன்னது இது எதுவுமே இல்லை. சரி, அம்மாவுக்குப் புரிகிற தமிழில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

இண்டி (பெரிய இசை நிறுவனங்களைச் சாராதவர்கள்), ராக் குழுக்காரர்கள் சவுண்டு என்று சொல்வது, ஒரு குழுவின் இசை காதில் விழுந்த சில நொடிகளிலேயே "இது இவர்கள்தான்" என்று தெரிகிறதே, அதை. எந்த வாத்தியம், எப்படிப்பட்ட குரல், எவ்வளவு வேகம், எத்தனை எதிரொலி, எந்த அறையில் பதிவானது என எல்லாம் சேர்ந்து உண்டாவது. மெட்டு வேறு, இது வேறு. ஒரே மெட்டை இரண்டு குழுக்கள் வாசித்தால் மெட்டு அதேதான், சவுண்டு இரண்டு.

சொல்லின் வேர் லத்தீன். ‘சோனுஸ்’ என்றால் ஒலி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது அது ‘சூன்’ என்றே இருந்தது, கடைசியில் ‘ட்’ கிடையாது. சொல்லிச் சொல்லிப் பழகியதில் அந்த எழுத்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழுக்கு வந்ததும் நம் நாக்குக்கு ஏற்ப ஓர் உகரமும் சேர்ந்து சவுண்டு ஆனது. சேலம் இந்தச் சொல்லோடு பழகி நாளாகிறது. ஏற்காடு சாலையில் இன்றும் வளைவு மட்டும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் 1935இல் தொடங்கியது, தமிழ்ப் படம் பேச ஆரம்பித்து நான்கே ஆண்டுகளில்.

‘தனி அடையாளம்’ என்ற பொருள் பின்னால் வந்தது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து நாட்டுப்புற இசைக்காரர்கள், கிராமிய பாணிப் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கிவிட்டு வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குரல்களையும் கொண்டுவந்தார்கள். அதற்கு நாஷ்வில் சவுண்டு என்றே பெயர். ஊருக்கு ஒன்று என்றிருந்தது, அப்புறம் குழுவுக்கு ஒன்று என்றானது.

குழுவுக்கு ஒன்று என்றானதும் அதை மாற்றலாமா என்ற கேள்வியும் வந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டாவது ஆல்பத்தில்தான் வரும். பான் ஈவேர் என்கிற அமெரிக்க இண்டி குழு நல்ல உதாரணம். அதன் பாடகர் ஜஸ்டின் வெர்னன் விஸ்கான்சின் காட்டில் மரத்தால் கட்டிய ஒரு வீட்டில் குளிர்காலத்தைத் தனியாகக் கழித்து, கிட்டாரும் அடுக்கடுக்கான கள்ளக்குரலுமாக (ஃபால்செட்டோ) பதிந்தது முதல் ஆல்பம். 2007இல் அவரே வெளியிட்டார். 2011இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ஊதுகருவிகள், சிந்தசைசர், ஒரு கூட்டம் வாத்தியக்காரர்கள். பதிவு நடந்தது, முன்பு கால்நடை மருத்துவமனையாக இருந்த ஒரு கட்டடத்தில். குரல் அதே குரல், சவுண்டு அடியோடு வேறு. எல்லோருக்கும் இது உடனே கைகொடுப்பதில்லை. வீசர் குழு 1994இல் வழவழப்பாக ஒன்று கொடுத்துவிட்டு, 1996இல் கரடுமுரடாக இரண்டாவதைக் கொண்டுவந்தது. அன்று முகம் சுளித்தவர்கள் பலர். அதே ஆல்பத்தைப் பின்னால் வந்தவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

இந்தச் ‘சவுண்டு’க்குத் தமிழ் என்ன?

ஒலி என்றுதான் முதலில் தோன்றும். திருவிழா நோட்டீஸின் அடியில் ‘ஒலி, ஒளி அமைப்பு’ என்று போட்டிருப்பார்கள், அங்கே அது சரி. ஒலிப்பதிவு, ஒலிபெருக்கி எல்லாமே சரி. ஆனால் ஒலி என்பது இயற்பியல், அதில் ஆள் அடையாளம் இல்லை. சத்தம் வடமொழி ‘சப்தம்’ வழி வந்தது, அம்மாவின் பயம் அதற்குள்தான் இருக்கிறது. தொனியை நான் வேறு வேலைக்கு வைத்துக்கொள்வேன். கிட்டார்க்காரர் பெடலை மிதித்து மாற்றுகிற ‘டோன்’ இருக்கிறதே, அதற்குத் தொனி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். பாணி நெருங்கி வருகிறது. சிலப்பதிகாரத்தில் அது தாளத்தைக் குறித்த சொல். ஆனால் இன்றைக்கு நடை, உடை, பேச்சு எல்லாவற்றுக்கும் பாணி உண்டு. வாசிக்கிறவர் செய்வது பாணி. நமக்கு வேண்டியது கேட்கிறவர் காதில் சேர்வதற்கான சொல்.

அது யாப்பிலக்கணத்தில் இருக்கிறது: ஓசை.

பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. மதிப்பெண்ணுக்காகப் படித்ததால் இது எவ்வளவு நுட்பமான சங்கதி என்று கவனிக்காமல் விட்டுவிட்டோம். தொல்காப்பியச் செய்யுளியலுக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் கொண்ட பழைய உரையாசிரியர், பா என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தைப் பாருங்கள். தூரத்தில் ஒருவன் பாடம் ஓதுகிறான். எழுத்தும் விளங்கவில்லை, சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் இது இன்ன செய்யுள் என்று பிரித்து அறிய முடிகிறது. அப்படி அறியக் காரணமாகப் பரந்துபட்டுச் செல்லும் ஓசைதான் பா என்கிறார். வரி புரியாமல், மெட்டுக்கூடப் பிடிபடாமல், தெருமுனையில் நின்றே "இது இவர்கள்தான்" என்கிறோமே, அதேதான். இதைவிடப் பொருத்தமான விளக்கம் இந்தச் சவுண்டுக்கு எந்த மொழியிலும் நான் படித்ததில்லை.

அதோடு நிற்கவில்லை. சீரும் சீரும் சேர்கிற விதத்தை, அதாவது தளையை, வைத்துச் செப்பலுக்குள்ளேயே மூன்று வகை வைத்தார்கள். வெண்சீர் வெண்டளையே வந்தால் ஏந்திசை, இயற்சீர் வெண்டளையே வந்தால் தூங்கிசை, இரண்டும் கலந்தால் ஒழுகிசை. அதாவது வெண்பா வெண்பாவாகவே இருக்கும், உள்ளே சீரும் தளையும் இடம் மாறினால் ஓசையின் சாயல் மாறும். பாவே மாறினால் ஓசையே வேறு. குழுக்களிடமும் இந்த இரண்டு மாற்றங்களையும் கேட்கலாம். ஏந்திசையிலிருந்து ஒழுகிசைக்குப் போகிறவர்கள் உண்டு, ரசிகர்களுக்கு அது உறுத்தாது. துள்ளலை விட்டுத் தூங்கலுக்கே போகிறவர்களும் உண்டு, அப்போதுதான் சண்டை வரும். (தூங்கல் என்பது உறக்கம் அல்ல. தொங்கி அசைவது. தூங்கணாங்குருவியின் கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.)

‘ஓசைப்படாமல் வந்தான்’ என்கிற வழக்கு குறுக்கே வருமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வரட்டும். ‘குழுவின் ஓசை’, ‘அவர்களுடைய பழைய ஓசை’ என்று எழுதிப் பாருங்கள், குழப்பமே இல்லை. சவுண்டு செக் ஒலிச் சோதனையாகவும் சவுண்டு இன்ஜினியர் ஒலிப்பொறியாளராகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பையன் கதைக்கு வருகிறேன். முதல் ஆல்பத்தை அவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் பதிந்தார்கள். மழை பெய்தால் தகரக் கூரை இரைகிறது என்று பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்களாம். இரண்டாவது ஆல்பத்துக்கு மலையேறக் காசில்லை. சேலத்துக்குள்ளேயே அம்மாபேட்டையில் ஒரு மாடி அறையைப் பிடித்தார்கள். கீழே விசைத்தறி. முதல் வாரம் தறி நிற்கிற நேரமாகப் பார்த்துப் பதிந்தார்கள். அப்புறம் டிரம்ஸ் வாசிக்கிற பையன் தறியின் அடிக்கே தன் அடியைச் சேர்த்து வாசிக்கத் தொடங்கிவிட்டான். தறியின் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற அந்த ஆட்டத்துக்கு மேலே பாட்டைப் பாதி வேகத்தில் மிதக்க விட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிறு அங்கே போனேன். தெருமுனை டீக்கடையிலேயே காதில் விழுந்தது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. நான்கு வருடமாகக் கேட்கிற குழு, ஆனால் யாரோ புதியவர்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஒருபக்கம் சாய்த்தார்.

"அது நம்ம தறியாச்சே" என்றார்.