கிராம் கணக்கு எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

நெடுந்தூர சைக்கிள் போட்டிகளுக்கு வண்டி தயார் செய்து கொடுப்பது என் தொழில். கூட ஒரு வண்டியோ உதவிக்கு ஆளோ இல்லாமல், வேண்டியதையெல்லாம் தானே சுமந்துகொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுகிற போட்டிகள். இதற்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு வருவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே கிராமில் எடை எழுதியிருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட அறுத்திருப்பார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும். ஆனால் வேறு எதையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது பயமாக இருக்கிறது. மழைச்சட்டை, பம்ப், இரண்டாவது பின்விளக்கு என்று போகும் அந்த வரிசை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 9,800 ஜூல் ஆற்றல் வேண்டும். நாள்கணக்கில் ஓட்டுபவர் ஏற்றத்தில் 150 வாட் கொடுக்கிறார் என்றால், அதற்கு 65 விநாடி. 4,000 கிலோமீட்டர் தூரமும் மொத்தம் 40,000 மீட்டர் ஏற்றமும் உள்ள போட்டியில் இது 43 நிமிடம் ஆகும். டயர் உருளும் தடையையும் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 12 நாள் ஓட்டத்தில் பங்கு போட்டால் கூடுதலாகச் சுமக்கும் ஒரு கிலோவுக்கு நாளைக்கு ஐந்து நிமிடம்.

ஐந்து நிமிடம் ஒன்றும் சும்மா இல்லை. ஆனால் மழைச்சட்டை பையின் அடியில் இருந்தால், ஒரே ஒரு முறை அதைத் தோண்டி எடுத்து மறுபடி கட்டி முடிப்பதற்குள் அந்த ஐந்து நிமிடம் போய்விடும். அதனால் எடையைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது, எது எந்தப் பையில், இருட்டில் கையுறையோடு எடுக்க முடியுமா என்பதைத்தான். கனமானவை ஃபிரேமுக்கு நடுவே உள்ள பையில் இருக்கட்டும். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் நீளப் பையில் துணி, தூங்கும் பை போன்ற லேசான சாமான்கள் மட்டும். அதில் கனம் ஏறினால் எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டியின் பின்புறம் இடமும் வலமும் ஆடும்.

அந்தப் பின்பை விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பலர் சிவப்பு விளக்கைச் சீட் கம்பியில் மாட்டியிருப்பார்கள். பையைக் கட்டியதும் அது முழுக்க மறைந்துவிடும். சரி என்று விளக்கைப் பையின் நாடாவில் மாட்டினால், சாமான் குறையக் குறையப் பை தொய்ந்து, விளக்கு தரையைப் பார்க்க ஆரம்பிக்கும். ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. சாமான் ஏற்றிய வண்டியை இருட்டில் நிறுத்தி, நூறடி பின்னால் போய், கார் ஓட்டுபவரின் கண் உயரத்தில் நின்று பாருங்கள். பையில் ஒரு விளக்கு, பின்சக்கரத்தை ஒட்டிய ஃபிரேம் கம்பியில் இன்னொன்று என்பது என் வழக்கம். ஒன்று அணைந்தாலும் மற்றது எரியும். ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ்கான்டினென்டல் போட்டியை 2013-இல் தொடங்கிய மைக் ஹால், 2017 மார்ச் 31 அன்று ஆஸ்திரேலியாவில் இண்டியன் பசிஃபிக் வீல் ரேஸில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, விடிவதற்கு முன் கான்பெரா அருகே கார் மோதி இறந்தார். அனுபவத்தில் அவருக்கு இணையானவர்கள் மிகக் குறைவு. இருட்டு நெடுஞ்சாலை எவ்வளவு ஆபத்தான இடம் என்பதற்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. பிரதிபலிப்பு மேலாடையின் எடையைத் தயவுசெய்து கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது பழுது பார்க்கும் சாமான். இந்தப் போட்டிகளில் வழியில் எல்லோருக்கும் கிடைக்கும் கடையில் எதையும் வாங்கலாம். நண்பரை வரவழைத்து வாங்கிக்கொள்ளக் கூடாது. எனவே வழியில் கிடைக்காத பொருளைத்தான் முதலில் பையில் போட வேண்டும். அதில் முதலிடம் டெரெய்லர் ஹேங்கருக்கு. பின் டெரெய்லரை, அதாவது செயினை ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகத்தை, ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. வண்டி வலப்பக்கம் விழுந்தால் ஃபிரேம் உடையாமல் இது வளைவதற்காகவே மென்மையாகச் செய்திருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரு ஃபிரேமின் ஹேங்கர் பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பெரிய கடையில்கூட உங்களுடையது இருக்கும் என்று நம்ப முடியாது. 20, 30 கிராம்தான் எடை. அது இல்லாமல் போட்டியே முடிந்துபோகலாம். அதோடு செயினின் விரைவு இணைப்பு இரண்டு, ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டுக்கான போல்ட் ஒன்றிரண்டு, உங்கள் வண்டிக்கான பிரேக் பேடு ஒரு ஜோடி. மழையும் மணலுமான மலை இறக்கத்தில் மென்மையான ரெசின் பேடு ஒரே நாளில் தேய்ந்து உலோகம் தெரிவதைப் பார்த்திருக்கிறேன்.

டியூபைப் பொறுத்தவரை டிபியு (TPU) என்ற மெல்லிய பிளாஸ்டிக் வகையை எடுத்துக்கொள்ளலாம். சாதாரண ரப்பர் டியூப் நூறு கிராமுக்கு மேல் இருக்கும். இது பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. ஆனால் ரப்பர் டியூபுக்கான பஞ்சர் ஒட்டு இதில் நிற்காது, அதற்கென்று உள்ள ஒட்டும் கூடவே வேண்டும். டயருக்குக் காற்றேற்றும் வாயுக் குப்பியை மட்டும் நம்பிப் பம்பை விட்டுப் போவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். குப்பி தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

மலைக்குப் போகிறவர்கள் குளிரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆல்ப்ஸின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். அடிவாரத்தில் வியர்த்து நனைந்து ஏறி, உச்சியில் அந்த ஈரத்தோடு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது விரல் விறைத்து பிரேக்கை அழுத்த வராது. காற்றுத் தடுப்புச் சட்டை லேசானது, ஆனால் நல்ல மழையில் நனைந்துவிடும். மழைச்சட்டையும் முழுவிரல் கையுறையும் கட்டாயம் வேண்டும்.

தூங்கும் பையில் பறவை இறகு வகை மிக லேசு, நனைந்தால் கட்டிதட்டிச் சூட்டை இழக்கும். ஈரமான பாதை என்றால் செயற்கை இழையின் கூடுதல் எடையைச் சுமப்பதே மேல். பளபளக்கும் அவசரகாலப் பை நூறு கிராம்தான், ஆனால் உடம்பின் ஆவி வெளியேற வழியில்லாமல் விடியும்போது உள்ளே ஈரமாகியிருக்கும். தினமும் விடுதியில் தங்குவதாக இருந்தால் தூங்கும் சாமான் முழுவதையும் விட்டுவிடலாம். அப்போதுகூட இந்த அவசரகாலப் பை மட்டும் உள்ளே இருக்கட்டும். வெளியில் படுப்பவர்கள் முதுகு நீளத்துக்கு ஒரு நுரைப்பாயை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் படுத்தவுடன் அடியிலுள்ள இறகு நசுங்கி, தரை நேராக உடம்பின் சூட்டை உறிஞ்சும்.

அப்புறம் எதைத்தான் குறைப்பது? தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இருபது கிலோமீட்டருக்கு ஒரு கடை உள்ள சாலையில் மூன்று லிட்டர் எதற்கு? வறண்ட பகுதிக்கு, மடித்து வைக்கும் காலிப் பை ஒன்று போதும். இரண்டாவது மாற்றுடை, இரண்டாவது சார்ஜர், பெரிய பவர் பேங்க் ஆகியவையும் போகலாம். டைனமோ பொருத்தியவர்களுக்குச் சின்னது போதும். ஆனால் ஏற்றத்தில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் டைனமோவிலிருந்து சார்ஜ் ஏறாது என்பதால், அதுவும் இல்லாமல் போகாதீர்கள். எடைக்காகப் பின்சக்கரத்தில் சின்னப் பல்சக்கரம் மட்டும் போடாதீர்கள். சாமானோடு ஏறும்போது முழங்கால்தான் அதற்குப் பதில் சொல்லும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஓர் இரவு முழுக்க ஓட்டி, வெளியில் படுத்து எழுந்து, வண்டியை அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பைநாடா ஃபிரேமை அரித்த இடம், தளர்ந்த போல்ட், டயரில் உரசும் பின்பை எல்லாம் அப்போதுதான் தெரியும். முந்தின நாள் மாலை கொண்டுவந்தால் புதுப் பிரேக் பேடு போட்டுத் தருவேன், ஆனால் அது டிஸ்க்கில் படிந்து சரியாகப் பிடிக்கத் தொடங்கும் அளவுக்கு ஓட்டிப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.