அலமாரியைப் படம் எடுத்தது போதும், மிச்சத்தைப் பற்றிக் கேளுங்கள்

2025-26 வேளாண் பட்ஜெட்டில், 100 முன்னோடி உழவர்களை ஜப்பான், சீனா, வியட்நாமுக்கு அழைத்துச் செல்லப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நெல் விளைச்சலைக் கூட்டும் தொழில்நுட்பத்தைப் பார்க்கத்தான் அந்தப் பயணம். ஆனாலும் வெளிநாடு போகிற விவசாயி யாரும் வயலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை, எப்படியும் ஒரு காய்கறிக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார். விவசாயிகளே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் சிலர் கடை பார்ப்பதற்காகவே சொந்தச் செலவில் போகிறார்கள். அவர்களுக்கு விற்பனை ஆலோசனை சொல்வது என் தொழில். ஊர் திரும்பியதும் செல்போனை நீட்டுவார்கள்.

"பாருங்க சார், தக்காளியை எப்படி அடுக்கி வச்சிருக்கான்!"

"சரிண்ணே, சாயங்காலம் மிஞ்சினதை யார் எடுத்துட்டுப் போனாங்க?"

பெரும்பாலும் பதில் வராது. சுற்றுலா பஸ் காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்குள் கிளம்பியிருக்கும்.

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். அங்கே நெடுஞ்சாலை ஓரங்களில் 'மிச்சி நோ எக்கி' என்ற, வண்டியை நிறுத்தி இளைப்பாறும் நிலையங்கள் உண்டு. 1993-இல் 103 இடங்களோடு தொடங்கியது, இன்று 1,200-ஐத் தாண்டிவிட்டது. 24 மணி நேரமும் இலவச பார்க்கிங், கழிப்பறை இருந்தாக வேண்டும் என்பது விதி. வண்டி நிற்கிறது, அதனால் காய் விற்கிறது. பல நிலையங்களில் விவசாயிகளின் நேரடி விற்பனைக் கடை இருக்கிறது.

கடை திறக்கும் முன்பே விவசாயி சரக்கோடு வந்துவிடுவார். விலையை அவரே முடிவுசெய்து, தன் பெயரும் பார்கோடும் உள்ள லேபிளை அச்சிட்டு, ஒவ்வொரு பொட்டலத்திலும் தானே ஒட்டி அடுக்குவார். ஒரே அலமாரியில் மூன்று பேருடைய தக்காளி மூன்று விலையில் இருக்கும். விற்றதில் கடைக்கு ஒரு பங்கு கமிஷன், பல இடங்களில் 15 சதவீதம் அளவில். விற்காததை விவசாயியே திரும்ப எடுத்துப் போக வேண்டும். எஹிமே மாகாணத்தின் உச்சிகோவில் உள்ள 'கராரி' கடை, எவ்வளவு விற்றது என்பதை அன்றைக்கே விவசாயிக்குத் தெரிவித்துவிடுகிறது. தீர்ந்துபோனால் மறுபடி கொண்டுவரலாம், தேங்கினால் நாளைக்குக் குறைத்துப் பறிக்கலாம்.

1999-இல் மதுரையில் தொடங்கிய நம் உழவர் சந்தையிலும் இடைத்தரகர் இல்லை, கடைக்கு வாடகையும் இல்லை. ஆனால் விலையைத் தினமும் சந்தை நிர்வாகம் பலகையில் எழுதிவிடும், விவசாயியே அங்கே உட்கார்ந்து விற்க வேண்டும். ஜப்பான் முறையில் அவர் காலையிலேயே வயலுக்குத் திரும்பிவிடலாம். விலை வைக்கும் உரிமையும் மிச்சத்தைச் சுமக்கும் பொறுப்பும் அங்கே ஒரே ஆளிடம் இருக்கின்றன. நம்மூர் உற்பத்தியாளர் நிறுவனக் கடைகளில் நான் பார்க்கும் நஷ்டம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. உறுப்பினரிடம் மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடியது, அழுகியது எல்லாவற்றையும் நிறுவனமே தலையில் போட்டுக்கொள்கிறது. அப்புறம் அலமாரி எவ்வளவு அழகாக இருந்து என்ன?

தென் கொரியாவின் வான்ஜு வட்டாரத்தில் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஜப்பான் கடைகளை முன்மாதிரியாக வைத்து, 2012-இல் யோங்ஜின் கூட்டுறவு ஒரு கடையைத் திறந்தது. விலையும் லேபிளும் விவசாயி கையில், கீரைக்கு அலமாரியில் ஒரே நாள்தான் இடம். ஜப்பானியரின் கட்டடத்தை விட்டுவிட்டு விதியை எடுத்துக்கொண்டார்கள்.

எனவே ஏஜென்ட் தரும் பயணத் திட்டத்தில், கடை மூடும் நேரத்தில் ஒரு மணி நேரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் கட்டும் முன்பே கேட்டு மாற்றுங்கள். தலைவரோடு, கணக்கு எழுதுபவரையும் கூட்டிப் போங்கள். கமிஷன், பணம் வரும் நாள், வாடிக்கையாளர் புகார் சொன்னால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்க அவருக்குத்தான் தோன்றும்.

இன்னொன்று, ஆசைப்பட்டு விதையையோ நாற்றையோ பைக்குள் போட்டு வராதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவருவது 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைக்கு எதிரானது. பண்ணைக்குள் நடந்த செருப்பில் ஒட்டிய மண்ணையும் விமானம் ஏறுமுன் கழுவிவிடுங்கள்.