நொட்டோரியஸ் நெட்போல் பிளேயர்

கிளிநொச்சிப் பக்கம் பதினஞ்சு வருசமா இங்கிலிஸ் படிப்பிக்கிறன், போன கிழமை ஒரு பிள்ளை வேலைக்கு அனுப்ப வைச்சிருந்த விண்ணப்பத்தைக் கொண்டந்து காட்டினாள், பள்ளிக்கூடத்தில தான் ஒரு நொட்டோரியஸ் நெட்போல் பிளேயர் எண்டு எழுதியிருந்தாள். அவளின்ர சின்ன அகராதியில அதுக்கு பேர்போன எண்டுதான் போட்டிருக்கு, பாவம் அவள் என்ன செய்வாள். தமிழில பேர்போன டொக்டரும் இருப்பார் பேர்போன கள்ளனும் இருப்பான், ஆனா இங்கிலிசில நொட்டோரியஸ் எண்டா கெட்ட விசயத்தால பேரெடுத்த ஆள். அந்தக் கடிதம் அப்பிடியே போயிருந்தா எண்டு நினைக்க எனக்கு நெஞ்சு பதறுது.

எங்கட பிள்ளையள் கொப்பியில நடுவில கோடு கீறி, இஞ்சால இங்கிலிஸ் அங்கால தமிழ் எண்டு நூறு நூறா எழுதிப் பாடமாக்குதுகள். சொல்லு அப்பிடித் தனிய நிக்காது, அதுக்குக் கூட்டாளியள் இருக்கு. எங்களுக்கு மழையும் பலத்த மழை, காத்தும் பலத்த காத்து, அவையளுக்கு காத்து ஸ்ட்ரோங், மழை ஹெவி. மாரி தொடங்கினா ஸ்ட்ரோங் ரெயின் திருத்தித் திருத்தியே என்ர சிவப்புப் பேனை முடியும். அதால சொல்லோட அது வாற முழு வசனத்தையும் எழுதுங்கோ, உங்கட சீவியத்தில இருந்து எடுத்த வசனமா எழுதுங்கோ. மிட்டிகேட் எண்டா தணிக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்துக்கு வந்த மழையை ஆராலும் நிப்பாட்டியிருக்கேலாது, பாதிப்பைக் குறைச்சிருக்கலாம், அந்தக் குறைக்கிறதுதான் மிட்டிகேட் எண்டு சொன்னா தண்ணிக்குள்ள நிண்ட பிள்ளை மறக்காது.

ஆரும் பாவிக்காத பெரிய சொல்லுகளுக்குப் பின்னால ஓடாதேங்கோ. நியூசிலாந்து ஆய்வாளர் ஏவரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில, கம்பஸ் படிப்பு எழுத்துகளில அடிக்கடி வாற 570 சொற்குடும்பங்களைத் திரட்டி வைச்சிருக்கிறா. அனலைஸ், அசெஸ், அஸ்யூம், சிக்னிபிகன்ட் எல்லாம் முதல் பட்டியலிலயே இருக்கு. ஏஎல் வரைக்கும் தமிழில படிச்சிட்டு அறிவியல்நகர் பொறியியல் பீடத்துக்குப் போற பிள்ளைக்கு முதல்ல தேவைப்படுறது உதுகள்தான். குடும்பமாப் பிடியுங்கோ, அஸ்யூமோட அசம்ப்சனும் சேர்ந்து வரட்டும்.

ஒரே இரவில நூறு சொல் வேணாம். படிச்ச புதுசிலதான் கனக்க மறக்கும் எண்டு ஜேர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலயே தன்னில சோதிச்சு எழுதிப்போட்டார். பத்துச் சொல் காணும், அடுத்த நாள், நாலாம் நாள், அடுத்த கிழமை எண்டு கருத்தை மூடிப்போட்டு நினைவுபடுத்திப் பாருங்கோ.

அந்தப் பிள்ளை நொட்டோரியஸை வெட்டிப்போட்டு என்ன எழுதிறது ரீச்சர் எண்டு கேட்டாள். மாவட்டப் போட்டியில எத்தினையாம் இடம் எண்டு கேட்டன். ரெண்டாம் இடமாம். அதையே எழுதிவிட்டம், சாதாரண இங்கிலிசில, வருசத்தோட.