காட்டூன் வில்லனுக்கு ஏன் அந்த நடை?

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளையளோட உளவளத்துணை வேலை செய்யிறன். "பொட்டை" எண்டு கூப்பிடுறாங்கள் எண்டு அழுதுகொண்டு வாற பெடியளில கனபேருக்கு அந்தச் சொல் ஏன் தங்களில விழுந்தது எண்டே தெரியாது, கூப்பிடுற பெடியளுக்கும் பெரிசா ஒண்டும் தெரியாது, ஆனா எப்பிடி நெளிஞ்சு காட்டோணும், குரலை எப்பிடி இழுக்கோணும் எண்டு மட்டும் அச்சொட்டாத் தெரியும். அதில கொஞ்சம் தமிழ்ப்படக் காமெடியில இருந்து வருது, கொஞ்சம் நாங்கள் "சின்னப்பிள்ளையளின்ர படம்தானே" எண்டு நம்பி விடுற காட்டூனில இருந்து வருது.

அமெரிக்காவில 1934ல இருந்து கடுமையா நடைமுறைப்படுத்தின ஹேய்ஸ் கோட் எண்ட தணிக்கை விதி, தன்பாலீர்ப்பை, அதாவது ஆண் ஆணையோ பெண் பெண்ணையோ விரும்புறதை, திரையில காட்ட விடேல்ல. அதால சாடைமாடையாக் காட்டுற பழக்கம் வந்தது, அந்தச் சாடையும் கூடுதலா வில்லனுக்கும் கோமாளிக்கும்தான் போனது. 1968ல விதி போயிட்டுது, பழக்கம் போகேல்ல. 1989ல வந்த லிட்டில் மெர்மெய்ட் படத்தின்ர உர்சுலா, டிவைன் எண்ட பெண் வேசம் கட்டி நடிச்ச கலைஞரின்ர சாயலில உருவாக்கினது. 1992ல அலாடின் படத்து ஜாஃபர், 1994ல லயன் கிங் படத்து ஸ்கார், ரெண்டு பேருக்கும் அந்த ஒயிலும் இழுத்த குரலும், ஹீரோவுக்கு நெஞ்சை நிமித்தின நடை. ஆரையும் தன்பாலீர்ப்பு உள்ளவர் எண்டு படம் சொல்லேல்ல. ஆனா பெண் சாயல் உள்ள ஆம்பிளை ஒண்டில் கெட்டவன், இல்லாட்டி சிரிக்கிறதுக்கு உள்ளவன் எண்டு பிள்ளைக்குப் பதிஞ்சிடுது.

நளினமா நடக்கிற பெடியன் எல்லாம் தன்பாலீர்ப்பு உள்ளவன் இல்லை, தன்பாலீர்ப்பு உள்ள எல்லாரும் நளினமா நடக்கிறதும் இல்லை, திருநங்கையர் விசயம் அதைவிட வேற. மூண்டையும் ஒரே பானையில போட்டுக் கிண்டினதுதான் இந்தப் படங்கள் செய்த பெரிய பிழை.

ஒருநாள் பத்து வயதுப் பெடியன் ஒருத்தன் ரெண்டு பிளாஸ்ரிக் சிங்கத்தை வைச்சுக் கதை சொன்னவன் (அடையாளம் தெரியாமல் விபரம் மாத்தியிருக்கிறன்). கெட்ட சிங்கத்துக்குத் தன்ர சொந்தக் குரலிலயே கதைச்சான், நல்ல சிங்கத்துக்கு மட்டும் தொண்டையை இறுக்கிக் கரகரத்தான், இருமல் வந்தும் விடேல்ல. ஏன் ராசா, நல்ல சிங்கத்துக்கு உன்ர குரல் குடுக்கேல்ல எண்டு கேட்டன். "என்ர குரல் கெட்ட ஆக்களின்ர குரல் ரீச்சர்" எண்டான். இதுக்காகத்தான் இதை எழுதுறன்.

இப்ப மாற்றமும் வருது. 2012ல வந்த பாரானோமன் படத்தில கட்டுமஸ்தான விளையாட்டு வீரன் ஒருத்தன், கடைசியில தனக்குக் காதலன் இருக்கிறான் எண்டு ஒரு வசனத்தில சொல்லிட்டுப் போவான். 2022ல ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட் படத்தில ஈதன் எண்ட பதின்ம வயதுப் பெடியன் இன்னொரு பெடியனை விரும்புறான், அப்பாவும் தாத்தாவும் அதை ஒரு பிரச்சினையாவே எடுக்கேல்ல. அதே வருசம் லைட்இயர் படத்தில ரெண்டு பெண்களுக்கு நடுவில வாற ஒரு சின்ன முத்தத்துக்காகக் கன நாடுகள் படத்தையே தடை செய்தது.

"இதைப் பாத்தாப் பிள்ளை அப்பிடி ஆகிடுமோ?" எண்டு தாய்மார் பயந்து கேக்கினம். ஆகாது. படம் பாத்து ஆருக்கும் ஈர்ப்பு மாறுறேல்ல, உலக சுகாதார நிறுவனம் 1990லயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில இருந்து எடுத்திட்டுது. எங்கட தண்டனைச் சட்டக்கோவையில தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிற வெள்ளைக்காரன் காலத்து 365ம் பிரிவு இருக்குது எண்டது உண்மை, ஆனா அதை மாத்துற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு 2023ல உயர் நீதிமன்றமே சொல்லிட்டுது.

படத்தை நிப்பாட்டச் சொல்லேல்ல, பக்கத்தில இருந்து பாருங்கோ. "இவன் கெட்டவன் எண்டு எதை வைச்சுச் சொல்லுறாய்?" எண்டு கேளுங்கோ. ஸ்கார் தன்ர அண்ணனைக் கொலை செய்தவன் எண்டு பிள்ளை சொன்னாச் சரி. அவன்ர நடையையோ குரலையோ சொன்னா, அதில இருந்து கதையைத் தொடங்குங்கோ.

தமிழ்மொழித் தினத்துக்கு நாடகம் பழக்கிற ரீச்சர்மாரிட்டயும் ஒண்டு கேக்கிறன். வகுப்பில மென்மையா இருக்கிற பெடியனைத் தேடிப் பிடிச்சுச் சீலை கட்டிவிட்டுச் சிரிப்புக் காட்டுற சீன் இந்த வருசமும் இருந்தா, தயவுசெய்து அதை வெட்டிவிடுங்கோ. அவனுக்கு ராசா வேசம் குடுங்கோ, அவன்ர சொந்தக் குரலிலயே கதைக்கட்டும்.