ஹப் மோட்டார்: குடமின்னோடி

சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அடங்கிவிடும் மின்மோட்டாரை ஹப் மோட்டார் என்கிறோம். வெளியே செயின் இல்லை, பெல்ட் இல்லை, கியர் பெட்டி இல்லை. வழக்கமான மோட்டாரில் கூடு நிற்கும், தண்டு சுழலும். இதில் தண்டு, அதாவது ஆக்சில், சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கில் இறுகி நிற்கும், கூடு சுழலும். ஸ்போக்ஸ் அந்தக் கூட்டில்தான் கோத்திருக்கும். பண்ணை, காடு, வேட்டை என்று கரடுமுரடான தடத்தில் ஓடும் மின்சார வேலை வண்டிகளில் இந்தச் சொல் அடிக்கடி வருகிறது.

ஆங்கிலத்தில் சக்கரக் குடத்துக்குப் பழைய பெயர் 'நேவ்'. தொப்புளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நெருங்கிய உறவு. வடமொழி 'நாபி'யும் இதே இனம். அதற்கும் தொப்புள், சக்கரக் குடம் என இரு பொருளும் உண்டு. 'ஹப்' பின்னால் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் சக்கரம் செய்யும் தச்சர்களின் பட்டறைச் சொல்லாக இருந்தது, சைக்கிள் பரவியபோது எல்லோர் வாய்க்கும் வந்தது. அதன் வேர் உறுதிப்படவில்லை. கட்டி, திரள் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். 'மோட்டார்' லத்தீன், நகர்த்துவது என்று பொருள்.

தமிழில் தேடி அலைய வேண்டியதில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் உறுப்புகள் குடம், ஆரக்கால், வட்டை, பட்டா. நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கிய மரக்கட்டைதான் குடம். அகராதிகள் வண்டிக்குடம் என்றே பதிந்திருக்கின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாட்டுவண்டியில் அச்சு நிற்கும், அதைச் சுற்றிக் குடம் சுழலும். ஹப் மோட்டாரின் அமைப்பும் அப்படியே. ஆகவே குடம் + மின்னோடி (மின்மோட்டார்) = குடமின்னோடி; மகர ஈறு கெட்டுப் புணர்கிறது. பேச்சில் 'குடமோட்டார்' என்றாலும் பிழையில்லை. சங்கப் பாடல்களில் குடத்துக்குக் 'குறடு' என்ற பெயரும் உண்டு. ஆனால் இன்று பட்டறையில் குறடு என்றால் பிடித்து இழுக்கும் கருவி. அதை இங்கே கொண்டுவந்தால் குழப்பம்தான்.

தவிர்க்க வேண்டியது 'மைய மோட்டார்'. போக்குவரத்து ஹப், வலையமைப்பு ஹப் என்ற பிற்காலப் பொருளைப் பார்த்து யாரோ ஹப்பை 'மையம்' ஆக்கிவிட்டார்கள். வண்டியின் நடுவே, சட்டகத்தில் பொருத்தி, செயின் வழியாகப் பின்சக்கரத்தை ஓட்டும் மோட்டாரும் உண்டு. 'மைய மோட்டார்' என்று படிப்பவர் அதைத்தான் நினைப்பார். இரண்டும் பழுதாகும் விதமே வேறு. தப்பான பெயரில் உதிரிபாகம் கேட்டால் தப்பான பாகம்தான் வரும்.

கருவி புதியதல்ல. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று பின்சக்கரக் குடத்தில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். 1900 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட லோனர்–போர்ஷே காரின் முன்சக்கரங்களிலும் குடமின்னோடிகளே இருந்தன. வேலை வண்டிக்கு இதன் பெரிய ஆதாயம் முன்சக்கரத்தையும் ஓட்டலாம் என்பது. பெட்ரோல் வண்டியில் திரும்புகிற முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகக் கூடுதல் செயினும் கியரும் வேண்டும். இங்கே ஒரு கேபிள் போதும். நியூசிலாந்துப் பண்ணைகளுக்காக உருவான உப்கோ என்ற இருசக்கர வண்டியில் சக்கரத்துக்கு ஒரு கிலோவாட் வீதம் இரண்டு குடமின்னோடிகள். செயின் இல்லாததால் சேறு சிக்காது, சத்தமும் குறைவு. வேட்டைக்குப் போகிறவர்கள் விரும்புவது இதைத்தான்.

இதில் இரு வகை. நேரடி வகையில் காந்தம் ஒட்டிய கூடே ரோட்டர், அதாவது மோட்டாரின் சுழலும் பாகம். கனமானது, பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும். கியர் வகையில் உள்ளே வேகமாகச் சுழலும் சிறு மோட்டாரும், அதன் வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும் பிளானட்டரி கியர்களும் இருக்கும். எடைக்கு இழுவை அதிகம். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் ஒருவழி கிளட்ச் இருப்பதால் மின்சாரம் திரும்பாது. மோட்டார் இரைகிறது, சக்கரம் நகரவில்லை என்றால் நைலான் கியர்ப் பல் வழித்திருக்கும், அல்லது கிளட்ச் நழுவுகிறது. கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது மேட்டில் ஏற்படும் சூட்டைப் பற்றி. வண்டி, ஆள், சுமை சேர்த்து 180 கிலோ, 20 விழுக்காட்டுச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 346 நியூட்டன். சக்கர ஆரம் 0.3 மீட்டர் என்றால் 104 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும், அதுவும் மண்ணின் தடையைச் சேர்க்காமலே. முறுக்குவிசையைத் தீர்மானிப்பது வைண்டிங்கில், அதாவது மோட்டாரின் கம்பிச் சுருளில், பாயும் மின்னோட்டம். மணிக்கு 10 கி.மீ. போனாலும் 40 கி.மீ. போனாலும் அது மாறாது, வைண்டிங்கில் எழும் சூடும் மாறாது. மெதுவாகப் போனால் அதே சூட்டை நான்கு மடங்கு நேரம் தாங்க வேண்டும், அவ்வளவுதான். 'மெல்ல ஏற்றினால் மோட்டாருக்கு நல்லது' என்பது இங்கே பொருந்தாது. சக்கரத்துக்குள் இருப்பதால் கியர் மாற்றித் தப்பிக்கவும் வழியில்லை. இரண்டு சக்கரமும் பங்கிட்டால் நிலைமை மாறும்: மின்னோட்டம் பாதியானால் ஒவ்வொரு மோட்டாரிலும் சூடு கால்பங்கு, மொத்தச் சூடு பாதி. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். இழந்தது ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. நீண்ட ஏற்றத்தில் இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள்.

அடுத்தது ஆக்சில். கூடு முன்னே சுழல எவ்வளவு முறுக்குகிறதோ, ஆக்சில் பின்னே சுழல அவ்வளவு முறுக்கும். பரவலாக வரும் ஆக்சில் 12 அல்லது 14 மி.மீ. விட்டம், இருபுறமும் 10 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாகச் சீவியிருக்கும். மேற்சொன்ன 104 நியூட்டன் மீட்டரும் ஒரே ஆக்சிலில் விழுந்தால், நெம்புதூரம் சில மில்லிமீட்டரே என்பதால் ஆக்சில் உட்காரும் ஃபோர்க் பள்ளத்தின் விளிம்பை ஆயிரக்கணக்கான நியூட்டன் விசையில் அழுத்தும். அலுமினிய ஃபோர்க் பிளந்துவிடலாம். ஆக்சில் உருண்டால் அதன் துளை வழியாக வரும் ஒயர்கள் முறுகி அறுந்து, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரும் எரியலாம். அதனால் ஆக்சிலை உருளவிடாமல் பிடிக்கும் எஃகு முறுக்குத் தடைப்பட்டையை ஆட்டமில்லாமல் பொருத்த வேண்டும். மின்சாரம் திருப்பும் வண்டியில் முறுக்கு இருபுறமும் மாறி மாறி வருவதால் நட்டு தளரும். புதிதாகப் பூட்டிய பின் முதல் சில ஓட்டங்கள் முடிந்ததும் இறுக்கிப் பாருங்கள்.

சூடான மோட்டாருடன் ஓடையில் இறங்காதீர்கள். உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, பேரிங் சீல் வழியாகவும் கேபிள் துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். கேபிளை ஆக்சிலுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றிச் செருகினால், ஒயர் வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

புறப்படும்போது வண்டி உதறினால் முதலில் ஹால் சென்சாரைப் பாருங்கள். காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது அதுதான். கன்ட்ரோலருடன் இணைந்திருக்கையிலேயே சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் (ஒருவழி கிளட்ச் உள்ள கியர் வகையில் பின்னோக்கிச் சுற்ற வேண்டும்) மூன்று சிக்னல் ஒயர்களும் ஒவ்வொன்றாக 0, 5 என மாறி மாறிக் காட்ட வேண்டும். மாறாத ஒயரின் சென்சார் போய்விட்டது, அல்லது அதன் ஒயர் அறுந்திருக்கிறது. சக்கரம் கையால் தள்ள முடியாமல் விட்டுவிட்டு இறுகினால், கன்ட்ரோலருக்குப் போகும் மூன்று தடித்த ஒயர்களையும் பிரித்து, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் வைத்துச் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்றினால் பழுது கன்ட்ரோலரில். அப்போதும் இறுகினால் மோட்டாருக்குள் அல்லது கேபிளில்.